சீனாவைத் தெரிந்துகொள்ள இன்னும் லண்டன் வழியாகத்தான் போக வேண்டுமா?

இந்திய அரசின் கல்வி அமைச்சகப் பொறுப்பாளர்களுக்கும், பள்ளிகளுக்கான மொழிப் பாடத்திட்டத்தை வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்.

2019ஆம் ஆண்டில் மக்கள் கருத்துக்காக நீங்கள் வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கை வரைவில், பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகப் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளோடு சீனமும் இருந்தது. 2020 ஜூலை 29 அன்று அமைச்சரவை ஒப்புதல் அளித்த கொள்கையில் கொரிய மொழி சேர்ந்தது, தாய்லாந்து மொழி சேர்ந்தது, போர்த்துகீசியமும் ரஷ்ய மொழியும் சேர்ந்தன. சீனம் மட்டும் நீங்கியது. ஏன் என்று அந்த ஆவணத்தில் ஒரு வரி விளக்கமும் இல்லை. விளக்கம் யாருக்கும் தேவைப்படவும் இல்லை. ஆறு வாரங்களுக்கு முன்புதான் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எந்த மொழிகளைப் படிக்கலாம் என்பதை ஒரு கோடைக்காலத்தின் கோபம் தீர்மானித்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த வரி இன்றும் அப்படியே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சீன மொழி ஆசிரியர். பெய்ஜிங்கில் படித்தேன். சில ஆண்டுகள் குவாங்சோவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகு பெங்களூருவில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து சீனம் கற்பித்தேன். பழஞ்சீனக் கவிஞர் லீ பாய் நிலவைப் பார்த்து ஊரை நினைத்துப் பாடிய நான்கு வரிக் கவிதையை என் மாணவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்து மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கியிருந்த நேரத்தில், வகுப்பு நிறுத்தப்பட்டது. கொள்கையின் அச்சுப் பிரதியில் அந்த வரியைச் சுட்டிக்காட்டி, "பட்டியலில் இல்லாத மொழிக்குப் பெற்றோரிடம் எப்படிக் கட்டணம் வாங்குவது?" என்று கேட்டார் பள்ளி முதல்வர். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பகை நாட்டு மொழியை என் மகன் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டார். அடுத்த மாதம் அந்தப் பாடவேளையைப் பிரெஞ்சுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கொள்கையில் இருப்பது எடுத்துக்காட்டுப் பட்டியல்தான், எந்த மொழிக்கும் தடை இல்லை என்று நீங்கள் பதில் சொல்லலாம். எழுத்தளவில் அது சரி. ஆனால் வரைவில் இருந்த ஒரு பெயரை இறுதி ஆவணத்தில் எடுத்துவிட்டால், பள்ளி நிர்வாகம் அதை எப்படிப் புரிந்துகொள்ளும் என்பது டெல்லியில் அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல.

இது என் வேலை போன கதை மட்டும் என்றால் திறந்த மடல் எழுதியிருக்க மாட்டேன். மொழியை மூடிவிட்டால் அந்த நாட்டைப் பற்றிய பேச்சு நின்றுவிடுமா? நிற்பதில்லை. வேறொருவர் சொல்லக் கேட்டுப் பேசத் தொடங்குகிறோம். அந்த வேறொருவர் பெரும்பாலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கிறார். அதன் விளைவை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

குவாங்சோவில் 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை பெரிய வணிகக் கண்காட்சி நடக்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர் வியாபாரிகளுக்கு அங்கே மொழிபெயர்த்திருக்கிறேன். இயந்திரத்தின் விலை, பாகங்களின் உத்தரவாதம், சரக்கு துறைமுகம் சேரும் தேதி ஆகியவற்றைப் பேசும்வரை இரு தரப்பும் கெட்டிக்காரர்கள். இரவு சாப்பாட்டு மேசையில்தான் சிக்கல் தொடங்கும். தொழிற்சாலை முதலாளி என்னிடம் தணிந்த குரலில், இந்தியாவில் ரயில் கூரைமேல்தான் எல்லோரும் பயணம் செய்வார்களா, பெண் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாதாமே, என்று கேட்பார். நம்மவர், "இவர்கள் சொந்தமாக எதையும் கண்டுபிடிப்பதில்லையாமே, எல்லாம் நகல்தானாமே? இதைக் கேளுங்கள்" என்பார். காகிதமும் அச்சும் திசைகாட்டியும் உருவாக்கிய நாட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வி இது.

இந்தியாவில் சாதிக் கொடுமை இல்லை என்றோ, பெண்கள் அச்சமின்றி நடமாடுகிறார்கள் என்றோ நான் அவருக்குப் பதில் சொன்னதில்லை. அவர் கேட்டதில் உண்மை இருந்தது. எனக்கு உறுத்தியது வேறு. எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று இருவரிடமும் திருப்பிக் கேட்டால், ஒருவர் மேற்கத்தியச் செய்தி நிறுவனத்தின் காணொளிக்குச் சீனத்தில் எழுத்து ஓட்டியிருந்ததைப் பார்த்திருப்பார். மற்றவர் ஓர் ஆங்கில வணிக இதழில் படித்திருப்பார். அந்த மேசையில் நான் அதிகம் வருந்தியது இன்னொரு வாக்கியத்துக்காக. "உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறது, கொடுத்துவைத்தவர்கள்" என்று சீனர் ஏக்கத்தோடு சொல்வார். "இவ்வளவு பணம் இருந்தும் இவர்களுக்கு ஆங்கிலம் வரவில்லையே" என்று நம்மவர் ஏளனத்தோடு சொல்வார். ஏக்கமாக இருந்தாலும் ஏளனமாக இருந்தாலும், இருவரும் அளந்துகொண்டது ஒரே அளவுகோலால். அது இருவருடையதும் இல்லை.

பெய்ஜிங்கில் என் விடுதித் தோழி இந்தியாவைப் பற்றி நிறையப் படித்திருந்தார். அவர் படித்தவற்றில் பெரும்பாலானவை டிரினிடாடில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் எழுத்தாளரின் பயண நூல்கள். ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்குப் போனவை. நான் சீனாவைப் பற்றிப் படித்துவிட்டுப் போயிருந்தவையோ அமெரிக்கப் பத்திரிகையாளர்களின் நினைவுக் குறிப்புகள். ஒரே அறையில் இருந்த இருவரும் மற்றவரின் நாட்டை மூன்றாம் வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தோம்.

இது இன்று நேற்று தொடங்கியதல்ல. 1915இல் தாகூரின் கவிதைகளைச் சீன வாசகர்களுக்கு முதலில் கொண்டுபோனவர்களில் ஒருவர் சென் துஷியூ. பின்னாளில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர் அவர். அவர் மொழிபெயர்த்தது வங்காளத்திலிருந்து அல்ல, ஆங்கிலத்திலிருந்து. 1913இல் நோபல் பரிசு கொடுத்து ஐரோப்பா கொண்டாடிய கீழைநாட்டு ஞானிதான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். சிறுகதைகளில் ஜமீன்தாரியையும் விதவைகளின் துயரத்தையும் எழுதிய தாகூர் அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. 1924இல் தாகூர் சீனா சென்றபோது, பழமையைப் போற்ற வந்த சாமியார் என்று எண்ணி பெய்ஜிங் இளைஞர்கள் எதிர்ப்புத் துண்டறிக்கை வீசினார்கள். கடுமையாக எதிர்த்து எழுதியவர்களில் அதே சென் துஷியூவும் இருந்தார்.

நம் பக்கம் என்ன நடந்தது? ஏழாம் நூற்றாண்டில் நாலந்தாவில் தங்கிப் படித்த யுவான் சுவாங்கின் பயணக் குறிப்பை ஒவ்வோர் இந்தியப் பாடநூலும் மேற்கோள் காட்டுகிறது. காஞ்சிபுரத்தைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பு நமக்கு எப்படி வந்தது? பாரிசில் ஸ்டானிஸ்லாஸ் ஜூலியன் 1857-58இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1884இல் சாமுவேல் பீல் ஆங்கிலத்தில் கொடுத்தார். புதைந்து கிடந்த நாலந்தாவின் இடத்தை 1860களில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் அடையாளம் காண உதவியதும் அந்தச் சீன யாத்திரிகர்களின் குறிப்புகளே. நம்முடைய சொந்தப் பல்கலைக்கழகம் எங்கே இருந்தது என்பதைக்கூட சீன மொழியிலிருந்து பாரிஸ் வழியாகத் தெரிந்துகொண்டோம். அந்த ஐரோப்பியர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். அவர்கள் மொழியைக் கற்றார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் நாம் கற்காமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

கற்காததால் நேரும் அவமானத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஒரு படைவீரனைக்கூட அனுப்பாமல் இந்தியா இருபது நூற்றாண்டுகள் சீனாவைப் பண்பாட்டால் வென்றது என்று சீன அறிஞர் ஹூ ஷி சொன்னதாக ஒரு வாசகம் நம் நாட்டு மேடைகளில் பெருமிதத்தோடு சொல்லப்படுகிறது. நான் கலந்துகொண்ட கருத்தரங்குகளிலும் அதற்குக் கைதட்டல் கேட்டிருக்கிறேன். ஹூ ஷியை முழுமையாகப் படித்தவர் யாரும் கைதட்ட மாட்டார். அமெரிக்காவில் படித்து மேற்கத்திய அறிவியல் முறையில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டவர் அவர். 1930களில் ஹார்வர்டுக்காக அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையே சீனா 'இந்தியமயமானதை' ஒரு பெரும் கேடாகத்தான் பார்த்தது. துறவையும் உடலை வருத்தும் வழக்கங்களையும் கொண்டுவந்து சீனத்தின் பகுத்தறிவு மரபைப் பௌத்தம் குலைத்துவிட்டது என்பது அவர் வாதம். அவர் வாதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் குற்றச்சாட்டாகச் சொன்னதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நாம் மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவையில் சீன அறிஞர்கள் இருந்தால் அவர்கள் மரியாதைக்காகப் பேசாமல் இருப்பார்கள்.

இந்தத் திரிபுக்கு அடியில் ரத்தமும் இருக்கிறது. பிகாரிலும் காசிப்பூரிலும் பதப்படுத்தப்பட்ட அபினியைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி ஏலம் விட்டது. அது குவாங்சோவுக்குப் போனது. அந்த வணிகத்துக்காகப் பிரிட்டன் சீனாமேல் தொடுத்த முதல் அபினிப் போரில் 1841இல் குவாங்சோவை அடுத்த சான்யுவான்லியில் ஊர் மக்கள் திரண்டு சூழ்ந்தபோது, மழையில் சிக்கி நின்றது 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு. சீனப் பிள்ளைகள் பள்ளியில் சான்யுவான்லியைப் படிக்கிறார்கள். அங்கே நின்றவர்கள் நம் ஊர்ச் சிப்பாய்கள் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறகு 1880களிலிருந்து ஷாங்காய் வீதிகளில் பிரிட்டிஷார் சீக்கியர்களைப் போலீஸ்காரர்களாக நிறுத்தினார்கள். சாதாரணச் சீனர் முதலில் பார்த்த இந்தியன் வெள்ளைக்காரனுக்காகத் தடி பிடித்தவன். 1901இன் இறுதியில் இந்தியா வந்து டார்ஜிலிங்கில் தங்கிய சீனச் சீர்திருத்தவாதி காங் யூவெய்க்கு, நாட்டை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கான எச்சரிக்கையாக இந்தியா தெரிந்தது.

அந்தக் காலத்திலும் நேராகப் பார்த்தவர் இருந்தார். 1900இல், வெளிநாட்டவரை எதிர்த்துச் சீனாவில் எழுந்த பாக்ஸர் கலகத்தை அடக்க பிரிட்டிஷ் படையோடு போன ராஜபுத்திர வீரர் தாகுர் கதாதர் சிங், சீனாவில் கழித்த மாதங்களைப் பற்றி இந்தியில் ஒரு நூல் எழுதினார். வெளிநாட்டுப் படைகள் செய்த கொள்ளையையும் கொலையையும் சீனர்கள்மேல் இரக்கத்தோடு அதில் பதிவு செய்தார். அவர் பெரிய அறிஞர் அல்லர். தன் கண்ணால் பார்த்ததைத் தன் மொழியில் எழுதினார், அவ்வளவுதான்.

பாதுகாப்பைக் காரணம் சொல்வோருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. மறு ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்து ரஷ்யம், சீனம் உள்ளிட்ட மொழிகளைக் கற்பிக்கப் பணம் ஒதுக்கியது. எதிரி என்று நினைத்ததால்தான் அவன் மொழியைப் படித்தார்கள். நாம் 1962 போருக்குப் பின் என்ன செய்தோம்? சுமார் 3,000 இந்தியச் சீனர்களை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தோம். வீட்டில் சீனம் பேசி, கடையில் வங்காளமும் இந்தியும் பேசிய மக்கள் அவர்கள். நமக்கு மொழி கற்பித்திருக்கக்கூடியவர்கள். 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு மையம் தொடங்கினோம், அதுவும் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை நிதியோடு. நம் எல்லையில் நிற்கும் நாட்டைப் படிக்கவும் நம் கையிலிருந்து பணம் போடத் தோன்றவில்லை.

சீனாவும் ஒரு காலத்தில் மேற்கின் வழியாகத்தான் நம்மைப் படித்தது. சீன அறிஞர் ஜி ஷியென்லின் சமஸ்கிருதம் கற்றது ஜெர்மனியின் கோட்டிங்கனில். ஆனால் 1946இல் ஊர் திரும்பியவர் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் கீழைமொழித் துறையைத் தொடங்கினார். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் விடுதி வாயிற்காவல் வேலைக்குத் தள்ளப்பட்டபோதும், 1973 முதல் வால்மீகி ராமாயணத்தை மறைவாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1980களில் அது முழுமையாக அச்சானது. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஹுவாங் பாவோஷெங் பெய்ஜிங்கிலேயே சமஸ்கிருதம் கற்று, மகாபாரத மொழிபெயர்ப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அது 2005இல் வெளிவந்தது. இருவருக்கும் பத்ம விருது கொடுத்தது நம் அரசுதான். 2016இல் தாகூரின் படைப்புகள் 33 தொகுதிகளாக, இம்முறை வங்காளத்திலிருந்து நேராக, சீனத்துக்குப் போயின. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இல், போர் முடிந்த மறு ஆண்டில், தொடங்கியது. பெய்ஜிங்கில் தமிழ் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே படித்த சீனப் பெண் ஒருவர் என்னிடம் திருக்குறளைத் தடுமாறாமல் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்குள் ஒரு வேதனையும் இருந்தது. கன்பூசியஸின் ஒரு வரியை மூலத்தில் சொல்லக்கூடிய தமிழர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகையான ஷிஜிங்கிலிருந்து நேராகத் தமிழுக்குக் கவிதைகள் வந்தது 2012இல்தான். கொண்டுவந்தவர் வெளியுறவுப் பணி அதிகாரி ஒருவர். ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால் நடந்த வேலை அது.

சீன அரசிடம் எனக்குக் குறைகள் உண்டு. தன் மக்கள் எதைப் படிக்கலாம் என்று அது தீர்மானிக்கிறது. 2023இல் இரு அரசுகளும் ஒன்றன் பத்திரிகையாளருக்கு மற்றொன்று விசா மறுத்து, நம் நிருபர்கள் பெய்ஜிங்கை விட்டு வெளியேற நேர்ந்தது. அதில் பெய்ஜிங்கின் பங்கை நான் மறைக்கவில்லை. சீன மொழி கற்பிக்க அந்த அரசு நடத்தும் கன்பூசியஸ் நிலையங்களை நம் பல்கலைக்கழகங்களில் கேள்வியில்லாமல் அனுமதியுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. நம் ஆசிரியர்கள், நம் பணம், நம் பாடநூல் என்றுதான் கேட்கிறேன்.

2017இல் அமீர் கான் நடித்த மல்யுத்தப் படம் சீனாவில் ஏறத்தாழ 130 கோடி யுவான் வசூலித்தது. பிடிவாதக்காரத் தந்தையையும் அவருக்குப் பணிய வேண்டிய பெண்களையும் பார்த்துவிட்டு, என் பழைய தோழி நள்ளிரவில் எனக்குச் செய்தி அனுப்பினார்: "இது எங்கள் அப்பா." யாருடைய விளக்கமும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் வர்த்தகம் நடக்கிறது. 2025 அக்டோபரில் நேரடி விமானங்கள் மீண்டும் தொடங்கிவிட்டன. கைலாச யாத்திரையும் திறந்துவிட்டது. பொருளும் பக்தரும் போகலாம் என்றாகிவிட்ட பிறகு, மொழிக்கு மட்டும் ஏன் பூட்டு?

உங்களிடம் நான் கேட்பவை இவை.

கல்விக் கொள்கையின் அயல்மொழிப் பட்டியலில் சீனத்தை மீண்டும் பெயர் சொல்லிச் சேருங்கள். அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், சீனம் கற்பிக்கத் தடையில்லை என்று எல்லாப் பள்ளி வாரியங்களுக்கும் வரும் கல்வியாண்டுக்கு முன்பே சுற்றறிக்கை அனுப்புங்கள். அந்தக் காகிதம் கையில் இருந்தால் பல பள்ளி முதல்வர்கள் துணிவார்கள்.

சீனம் கற்பிக்கும் இந்திய ஆசிரியர்களுக்கென முறையான பயிற்சிப் படிப்பைத் தொடங்குங்கள். தாகூரும் சீன அறிஞர் தான் யுன்ஷானும் 1937இல் சாந்திநிகேதனில் உருவாக்கிய சீன பவனம் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். தெற்கிலும் ஒரு மையம் வேண்டும். சென்னையில் வையுங்கள்.

இரு நாடுகளும் தலா 25 நூல்களை மொழிபெயர்ப்பதாக 2013இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியத் தரப்பில் எத்தனை முடிந்தன, எந்த இந்திய மொழிகளில் வந்தன, அவற்றில் எத்தனை சீன மூலத்திலிருந்து நேராக வந்தன என்பதை வெளியிடுங்கள். இனி அரசுப் பணத்தில் வரும் சீன நூல் எதுவும் ஆங்கிலம் வழியாக வரக்கூடாது என்று விதி செய்யுங்கள். தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளுக்கு அதில் பங்கு ஒதுக்குங்கள்.

சான்யுவான்லியையும் தேவ்லியையும் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் சேருங்கள்.

2020இல் சீனம் நீக்கப்பட்டதற்கான காரணத்தை எழுத்துமூலம் சொல்லுங்கள். காரணம் இருந்தால் அதோடு வாதிட நாங்கள் தயார். இல்லை என்றால் அந்தப் பெயரைத் திரும்ப எழுத ஒரு கையெழுத்து போதும்.

இப்படிக்கு,
பெங்களூருவில் வாழும் சீன மொழி ஆசிரியர்